கேக் டின்னின் உள்பக்கம்

பாத்திரக் கடைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, என்னை நம்பாதீர்கள் என்பதுதான். வசந்தாக்கா சொன்னார் என்பதற்காக எதையும் நல்ல சாமான் என்று வாடிக்கையாளர் கையில் கொடுக்காதீர்கள். கம்பெனி ஏஜென்ட் சொன்னதையும் நம்பாதீர்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் பச்சை இலையை நம்பவே நம்பாதீர்கள். திண்டுக்கல் கடைவீதியில் தலை நரைக்கும்வரை பாத்திரம் விற்றவள் நான். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், யாராவது காபி கொடுத்தால் டம்ளரின் அடியைத் தூக்கிப் பார்க்கிறேன். "அப்படி என்னத்தை அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன்" என்று என் மருமகள் கேட்கிறாள். அவள் காபி ஒருமுறை என் மடியில் சிந்தியும் பழக்கம் போகவில்லை.

இட்லிச் சட்டியிலும் பணியாரக் கல்லிலும் நீங்கள் யாரையும் ஏமாற்ற முடியாது. வாங்க வருகிற அம்மாவுக்கு அதைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும். கேக் சாமான் அப்படியில்லை. போனில் வீடியோ பார்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைகளுக்கு நல்லதாகச் செய்து கொடுக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள். அந்த ஆசையைக் குறிவைத்துத்தான் பெட்டி மேல் 'நச்சு இல்லாதது' என்று ஒட்டி அனுப்புகிறார்கள். நச்சு இருக்கிறது என்று ஒட்டி எவன் விற்பான்? நான் அந்த ஸ்டிக்கரைப் படிப்பதே இல்லை. டின்னை வெளியே எடுத்து மோந்து பார்ப்பேன். ஈரமான வெள்ளைத் துணியால் உள்ளே தேய்த்துப் பார்ப்பேன். கவிழ்த்துப் பார்ப்பேன். எந்த உலோகம், மேல் பூச்சு என்ன, எவ்வளவு சூடு தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவேன். எழுதாமல் விட்டிருந்தால், மறந்துபோய் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

இவ்வளவு சந்தேகம் பிடித்த என் கண்ணிலும் படாமல் ஒரு விஷயம் எங்கள் கடை வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் இன்று சொல்கிறேன்.

நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் கொண்டுபோக மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சீர்ப் பாத்திரமோ புதுமனைக்குக் கொடுப்பதோ, கொடுத்தவர் பெயர் அதில் இருந்தாக வேண்டும். எங்கள் கடை வாசலில் பாண்டி மிஷினோடு உட்கார்ந்திருப்பான். 'கிர்ர்ர்' என்ற அந்தச் சத்தம் நின்றுவிட்டால் கடையில் வியாபாரம் இல்லை என்று அர்த்தம். முத்து முத்தாக எழுதுவான். எழுத்து அழகுக்காகவே அவனிடம் வெட்ட வேண்டும் என்று செம்பட்டியிலிருந்தெல்லாம் வருவார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு நாள், கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஜெசிந்தா வந்தாள். வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிற பெண். வந்தால் என் கவுண்டருக்குத்தான் வருவாள். அன்று அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"வசந்தாக்கா, இருக்கிறதுலயே பொடிக்கண் சல்லடையா ஒண்ணு குடுங்க."

"இப்பத்தான ஒண்ணு வாங்கிட்டுப் போன?"

"அது பத்தல."

சல்லடை வாங்க வருகிறவர்கள் யாரும் அழுது முடித்த கண்ணோடு வர மாட்டார்கள். என்னவென்று கேட்டேன். பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு துண்டு கேக். மஞ்சள் கேக்கில் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள்.

ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குச் செய்து கொடுத்ததாம். விருந்தில் வெட்டிப் பரிமாறும்போது கவனித்து, மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தோடு விடவில்லை. அந்த வீட்டார் வாய் வழியாகச் செய்தி பரவி, கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சொல்லி வைத்திருந்தவர்களில் சிலர் வேண்டாம் என்று போன் செய்துவிட்டார்கள். வீட்டில் கேக் போடுகிறவளுக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. சுத்தமாகச் செய்வாள் என்ற பேச்சு ஒன்றுதான் இருக்கிறது. அது போனால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது இவள் மேல்தான். அடியைத் தீயவிட்டுவிட்டு ஊரைக் குறை சொல்கிறாளோ என்று நினைத்தேன். அடுத்து எலி நினைவுக்கு வந்தது. அதை வெளியே சொல்லவில்லை. அவளோ வேறொரு ஆளைக் கைகாட்டினாள், குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு.

"மாவு நான் சலிக்கலக்கா. மதினிதான் சலிச்சாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்திருந்தாங்க. நான் கேக் போட்டு நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்றது அவங்களுக்குப் பிடிக்கல. வேணும்னே என்னத்தையோ போட்டிருக்காங்க. இந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்க அக்கா நம்ம வீட்டுக்கு வரக்கூடாதுன்னு இன்னைக்கு அவர்கிட்டச் சொல்லப் போறேன்."

மதினி என்று அவள் சொன்னது தன் நாத்தனார் அருள்மேரி டீச்சரை. வத்தலக்குண்டில் பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் எங்கள் வாடிக்கையாளர்தான். ஒரு குடும்பம் உடைவதற்குச் சல்லடை விற்கிறோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், டீச்சர் அப்படிச் செய்யக்கூடியவர்தானோ என்று நானும் ஒரு நிமிடம் நினைத்தேன்.

கேக் துண்டைத் திரும்பப் பார்த்தேன். துணுக்குகள் எல்லாம் அடியில் இருந்தன. மேலே ஒன்றுகூட இல்லை. மாவில் கலந்த குப்பை என்றால் கேக் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். ஒரு துணுக்கை எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்து நகத்தால் அழுத்தினேன். தீய்ந்தது என்றால் பொடியாகும். இது பொடியாகாமல் வளைந்தது.

"எந்த டின்னுல செஞ்ச?"

"மதினி குடுத்ததுலதான். உங்க கடையில வாங்குன நான்ஸ்டிக் டின்னு. அவங்க வீட்டுல இருக்கும்போது வேற டின்ன எடுக்க முடியுமாக்கா? பேரு வெட்டிக் குடுத்திருக்காங்க. எடுக்கலைன்னா அதுக்கு ஒரு பேச்சு வரும்."

"பேப்பர் போட்டியா?"

"நான்ஸ்டிக்குதானேன்னு போடல. அடியில கொஞ்சம் கறுப்பாத் தெரிஞ்சுச்சு. தீஞ்சிருச்சுன்னு நெனச்சு, தெரிஞ்ச வரைக்கும் எடுத்து விட்டுட்டு மேல கிரீம் போட்டுட்டேன்."

"போய் அந்த டின்னைக் கொண்டா."

"செத்த நேரத்துல வாரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போனதும் என் பார்வை கவுண்டர் மூலைக்குப் போனது. அதே ரக நான்ஸ்டிக் டின்கள் அங்கே அடுக்காக இருந்தன. பெயர் வெட்டி, கட்டுவதற்குத் தயாராக. அவை அருள்மேரி டீச்சரின் ஆர்டர். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்க. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 'அன்புடன் அருள்மேரி' என்று உள்பக்க அடியில் வெட்டியிருந்தது. உள்ளே, மாவு ஊற்றுகிற இடத்தில்.

பாண்டியைக் கேட்டேன். "வெளிய சுவரு மெல்லிசா இருக்குக்கா, மிஷின் வெச்சா அதிருது. அடியில கம்பெனிக்காரன் எழுத்து. உள்ள வெட்டுனாத்தான் கறுப்பு போர்டுல சாக்பீஸ்ல எழுதுன மாதிரி பளிச்சுனு தெரியுது. டீச்சருக்கு அம்புட்டுப் பிடிச்சுப்போச்சு" என்றான். அவன் இட்லிக் குண்டாவுக்கும் தாம்பாளத்துக்கும் வெட்டிப் பழகியவன். எவர்சில்வரைச் செதுக்கினால் கீழேயும் எவர்சில்வர்தான். இதில் மேலே இருப்பது பூச்சு என்பதையும், அதைக் கிழித்தால் பிறகு ஓரமாக உரியும் என்பதையும் அவனிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு எழுத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். புது டின்னிலேயே நகம் மாட்டியது.

அப்போதுதான் டீச்சர் உள்ளே வந்தார். கையில் குடை, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"எல்லாம் ரெடியா வசந்தா? உள்ளதானே வெட்டியிருக்கு? ஒவ்வொரு தரமும் டின்னை எடுக்கும்போது என் பேரு கண்ணுல படணும். இல்லைன்னா யாரு குடுத்ததுன்னே மறந்துருவாங்க."

"செத்த இருங்க டீச்சர்."

"இருக்க நேரமில்ல. என் தம்பி பொண்டாட்டியும் கேக்கு போட்டு விக்கிறா. கேள்விப்பட்டிருப்ப, என்னமோ கேக்குல குப்பை கெடந்துச்சாம். அவளுக்குச் சுத்தம் பத்தாது. சொன்னா நாத்தனாருன்னு முறைப்பா. நான் வாயையே தெறக்குறதில்ல."

வாயைத் திறக்காத அந்தப் பேச்சு கடை முழுக்கக் கேட்டது. வாசல்படியில் டின்னோடு நின்றிருந்த ஜெசிந்தாவுக்கும் கேட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு நேரம் வரும். கூட்டம் நிற்கும். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார். ஒருபக்கம் டீச்சர், ஒருபக்கம் ஜெசிந்தா, நடுவில் என் கையில் அந்த டின். முதலாளி கண்ணைக் காட்டினார். "வசந்தாம்மா, டீச்சருக்குப் பஸ்சுக்கு நேரமாகுதுல்ல, கட்டிக் குடுங்க" என்றார். கட்டிக் கொடுத்திருக்கலாம். ஜெசிந்தாவுக்கு ஒரு சல்லடையும் விற்றிருக்கலாம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே போயிருப்பார்கள், எங்கள் கடையை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். பயமாகத்தான் இருந்தது. அந்த வயதில் வேறு கடையில் யார் என்னைச் சேர்ப்பார்கள்?

ஜெசிந்தா நேராக வந்து டின்னைக் கவுண்டரில் வைத்தாள்.

"என் சுத்தத்தைப் பத்தி ஊரெல்லாம் சொல்லுங்க மதினி. அன்னைக்கு மாவைச் சலிச்சது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க."

டீச்சர் முகம் மாறியது. "அப்ப நான் என்னத்தையோ கலந்துட்டேங்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்ற?"

நான் டின்னை விளக்குக்கு அடியில் பிடித்தேன். 'அருள்மேரி' பாதிதான் இருந்தது. 'அன்புடன்' இருந்த இடத்தில் பூச்சு மொத்தமாக உரிந்து, வெள்ளையாக ஒரு திட்டு, அதன் நடுவில் துருவின் பழுப்பு. ஞானஸ்நான வீட்டில் டீச்சரின் அன்பைத்தான் ஆளுக்கொரு துண்டாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானே சொல்லிச் சிரித்திருப்பேன்.

முதலாளி எழுந்து வந்துவிட்டார். எட்டிப் பார்த்தவர், "கத்தியப் போட்டுச் சுரண்டியிருப்பாங்க. நான்ஸ்டிக்க அப்படிப் பண்ணக்கூடாது மேடம்" என்றார்.

"நான் கத்தியே வைக்கிறதில்லண்ணே. கவுத்துத் தட்டுனா கேக்கு தானா வந்துரும்" என்றாள் ஜெசிந்தா. டீச்சர், மாவு, இப்போது கத்தி என்று ஆளுக்கொரு பக்கம் பழி திரும்பிக்கொண்டிருந்தது. டின்னில் கீறல் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. கத்தி பட்டிருந்தால் ஓரத்தில் கீறியிருக்கும். ஓரமெல்லாம் புதுசாக இருந்தது. எழுத்து இருந்த இடம் மட்டும்தான் உரிந்திருந்தது.

நான் சொல்லிவிட்டேன். "டீச்சர், மாவுல ஒண்ணுமில்ல. ஜெசிந்தா மேலயும் தப்பில்ல. இது டின்னோட பூச்சு. பேரு வெட்டுன எடத்துல உரிஞ்சிருக்கு. வெட்டுனது நாங்க."

மிஷின் சத்தம் நின்றுவிட்டது. பாண்டி எழுந்து நின்றான். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன், உங்களுக்கும் ஒரு முதலாளி இருப்பார்.

டீச்சர் டின்னை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"இதைத் தின்னா என்ன செய்யும்?"

இந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பயமுறுத்தினால் ஞானஸ்நான வீடு முழுக்க ஆஸ்பத்திரிக்கு ஓடும். ஒன்றுமில்லை என்று சமாளித்தால் நாளைக்கு யாரும் உங்களை நம்ப மாட்டார்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னேன்: "எனக்குத் தெரியல டீச்சர். ஒண்ணும் செய்யாது, அப்படியே வெளிய போயிரும்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. அது நெசமாவும் இருக்கலாம். ஆனா பூச்சைத் திங்கறதுக்குன்னு யாரும் செய்யல. உரிஞ்ச டின்னுல இனிமே பிள்ளைகளுக்குச் செய்ய வேணாம். யாருக்காச்சும் உடம்புக்கு முடியலைன்னா டாக்டர்கிட்டக் கேட்டுக்கங்க."

"அப்ப இந்த அடுக்கு?" என்று மூலையைக் காட்டினார்.

"நான் கட்டித் தர மாட்டேன்."

முதலாளி கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். பார்த்தால் போனை எடுத்து, உள்பக்கம் பெயர் வெட்டி டின் வாங்கிக்கொண்டு போனவர்களை நினைவுபடுத்தி ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம் என்றார். அது நல்ல மனசா, விஷயம் வெளியே போகுமுன் நாமே கூப்பிட்டுவிடலாம் என்ற கணக்கா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். என்னோடு அவர் சரியாகப் பேசப் பொங்கல் வரை ஆனது.

டீச்சர் ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டின்னைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் குடுத்ததுங்கிறதுனாலதான் இதுல செஞ்சியா?"

"நீங்க இருக்கும்போது எடுக்காம இருந்தா மனசு வருத்தப்படுவீங்கள்ல மதினி."

"அதுக்காக அதுல செஞ்சு என் மேலயே சந்தேகப்பட்டுருக்க."

"நீங்க மட்டும் என்ன? சுத்தம் பத்தாதுன்னு கடை வரைக்கும் வந்து சொல்றீங்க."

இரண்டு பேரும் அழவில்லை, கட்டிப்பிடித்துக்கொள்ளவும் இல்லை. நாத்தனார் உறவு அவ்வளவு சீக்கிரம் இளகாது. டீச்சர் குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அந்த ஞானஸ்நான வீட்டுக்கு நான் வாரேன். இந்த டின்னைக் கொண்டுபோய் நானே காட்டுறேன். பேரு என் பேருதானே" என்றார்.

ஜெசிந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வசந்தா, இவளுக்கு நல்லதா ஒண்ணு எடு. பூச்சு கீச்சு எதுவும் வேணாம்."

பூச்சு இல்லாத எவர்சில்வர் டின்னை எடுத்து வைத்தேன். அதன் குறையையும் சொன்னேன், அதையும் நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். எவர்சில்வரில் கேக் அவ்வளவு சீக்கிரம் சிவக்காது, வெண்ணெய் தடவிப் பேப்பர் போடாவிட்டால் அடி பிடிக்கும். அலுமினியம் சீக்கிரம் சூடாகும், ஆனால் எலுமிச்சையோ தயிரோ சேர்க்கிற கேக்கை அதில் நேரடியாக ஊற்ற நான் சொல்ல மாட்டேன். கண்ணாடி நல்லதுதான், ஆனால் ஓவனிலிருந்து எடுத்து ஈர மேடையில் வைத்தால் வெடிக்கும். நான்ஸ்டிக்கே ஆகாது என்று நான் டீச்சரிடம் சொல்லவில்லை. காலியாகச் சூட்டில் காய விடாமல், கீறாமல் வைத்திருக்கிறவர்களுக்கு அது உழைக்கும். குறையே இல்லாத சாமான் என்று யாராவது உங்களிடம் கொண்டுவந்தால் அவரை உட்காரவைத்து நன்றாக விசாரியுங்கள்.

எவர்சில்வர் டின்னைக் கட்டப் போனேன். வழக்கம்போல், "பேரு வெட்டணுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேணாம்" என்றார் டீச்சர். "யாரு குடுத்ததுன்னு அவளுக்குத் தெரியும்ல."

ஜெசிந்தா என் கையிலிருந்து டின்னை வாங்கினாள். வாசலுக்குப் போய்ப் பாண்டியிடம் நீட்டினாள். "வெட்டுங்கண்ணே. அன்புடன் அருள்மேரின்னு. முன்னாடி இருந்த மாதிரியே."

பாண்டி மிஷினைக் கையில் எடுத்தான். போடவில்லை. டின்னை உள்ளே பார்த்தான், வெளியே பார்த்தான். அவன் என்னைக் கூப்பிட்டு, "எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் பதில் சொல்வதற்குள் டீச்சர் போய், அவன் மடியிலிருந்த டின்னைத் தன் கையாலேயே கவிழ்த்து, அடுப்பில் உட்கார்கிற பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கன வெட்டுப்பா. யாரு கண்ணுலயும் படாட்டிப் பரவாயில்ல."